அலமாரியில் ஐந்து மாதம் இருந்த குரல்

சென்ற மாதம் கல்லூரி ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரிக்கிறார்களாம். கைப்பையில் அடங்கும் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார்கள். பாடுகிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் படிவம் ஒன்றைக் காட்டி, உங்கள் காலத்தில் இதற்கெல்லாம் என்ன விதி இருந்தது என்று கேட்டார்கள். காபி கொடுத்து, வேறு எதையோ பேசி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு, பதில் சொல்லாமல் விட்டது தப்பு என்று பட்டது. விதிகள் இருந்தன. நல்ல விதிகள். அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் மீறவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதை இப்போது எழுதுகிறேன்.

நான் பதினாறு வருடம் கிரேக்க நாட்டுப் பாடல்களோடு வேலை பார்த்தவள். பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணுக்கு இது எப்படி வாய்த்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அப்பா எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர். பன்னிரண்டு வயதிலேயே ஒரு பாட்டைக் காதால் கேட்டு, மேற்கத்திய முறைப்படி ஐந்து கோட்டில் சுரம் எழுதிவிடுவேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் டைப்ரைட்டிங் படித்தேன். சுதந்திரம் வந்த மறு வருடம் ஆங்கிலப் பேப்பரில் ஒரு விளம்பரம். கேட்ட பாட்டை எழுதத் தெரிந்தவர், தட்டச்சு தெரிந்தவர், அதிகம் பேசாதவர் தேவை என்று இருந்தது. மூன்றாவது தகுதி என்னிடம் இல்லை. இருந்தாலும் போனேன்.

விளம்பரம் கொடுத்தவர் மேஜர் பெள்ளியப்பா. குடகுக்காரர், ராணுவ டாக்டர். யுத்தம் முடிகிற சமயத்தில் நம் பட்டாளத்தோடு கிரேக்க நாட்டின் வடக்கே ஒன்றரை வருடம் இருந்திருக்கிறார். அவருடைய ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் உள்ளூர் ஜனங்களும் வந்து படுத்திருப்பார்களாம். கால் எடுக்கப்பட்ட ஒரு ஆட்டிடையன் வலி தாங்காமல் மூன்று நாள் பாடிக்கொண்டே இருந்து நான்காம் நாள் செத்துப்போனான். அந்தப் பாட்டை மேஜர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தார். அங்கேதான் ஆரம்பம். ஊர் திரும்பி ஓய்வு பெற்றதும், பிரேசர் டவுனில் தன் பங்களாவின் முன்பாதியை இதற்கென்று ஒதுக்கிவிட்டார். மனைவி, மக்கள் கிடையாது. எந்த அரசாங்கமும் கல்லூரியும் பின்னால் இல்லை. ஒரு மேஜை, ஒரு கிராமபோன், இரண்டு அலமாரி, நான்.

மேஜர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் தப்பாக எழுதினால் கையிலிருக்கும் பென்சிலை மேஜைமேல் வைப்பார். அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான் பயந்ததுபோல் வேறு எதற்கும் பயந்ததில்லை. ஒவ்வொரு பாட்டையும் 'கேஸ்' என்றுதான் சொல்வார். நோயாளிக்கு எழுதுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. யார் பாடியது, எந்த ஊர், என்ன வயது, எப்போது பாடுவது, கேட்டது என்ன. இசைத்தட்டைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். "இந்த இடத்துல அவங்க அழறாங்கன்னு நினைக்கிறேன் சார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். பென்சில் கீழே வந்தது. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை, உனக்கு என்ன கேட்டது என்றுதான் கேட்டேன் என்றார்.

முதல் வருடம் முழுக்க எனக்குத் தாளம்தான் தகராறு. அந்த ஊர் ஆட்டப் பாட்டுகளில் பாதி ஏழு எண்ணிக்கையில் வரும். சர்ச் பாட்டில் மூன்றும் நான்கும் பழகின எனக்கு, ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒரு தட்டு காணாமல் போனது போலவே இருக்கும். அதைத் தீர்த்துவைத்தவர் முனுசாமி அண்ணன். அல்சூர்க்காரர். ஆற்றுக்குப் பாலம் போடும் பட்டாளப் பிரிவில் ஹவில்தாராக இருந்து, மேஜர் இருந்த அதே பகுதியில் வேலை பார்த்தவர். அப்போது ஒரு பஞ்சாலையில் கேட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என் எதிரில் உட்கார்ந்து, மேஜை ஓரத்தில் தகிட தகதிமி என்று தட்டிக் காட்டினார். ஏழும் அப்படியே வந்து உட்கார்ந்தது. "அங்க திருவிழாவுல அவங்க ஆட, நாங்க ஆட, ஒரு அடி கூட தப்பலம்மா" என்றார். அந்தத் திருவிழாவில்தான் அவர் தன் மனைவியைப் பார்த்தது.

அவள் பெயர் வாசிலிகி. முனுசாமி அண்ணனின் அம்மா வாயில் அது நுழையாமல் வாசுகி ஆகி, தெருவுக்கே வாசுகி ஆகிவிட்டது. எனக்கு வாசுகி அக்கா. என்னைவிட ஆறேழு வயது பெரியவள். பம்பாய்க்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ரயிலேறி, அல்சூரில் ஒரு ஓட்டு வீட்டில் மாமியாரோடு குடித்தனம். புடவையை நன்றாகக் கட்டுவாள். அந்தத் தெருவின் தமிழை அந்தத் தெரு பேசுகிற மாதிரியே பேசுவாள். நிறத்தைப் பார்த்துத் துரைசாணி என்று நினைத்துச் சலாம் போட்ட தபால்காரர், அவள் வாயைத் திறந்ததும் திகைத்துப்போன கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் எங்களிடம் வருவாள். கல்யாணப் பாட்டு, தாலாட்டு, அறுவடைப் பாட்டு என்று ஒன்றரை வருடத்தில் எண்பதுக்கு மேல் பாடிக் கொடுத்தாள். வார்த்தைக்கு வார்த்தை தமிழில் பொருள் சொல்வாள். நான் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் கன்டோன்மென்ட்டில் ஒரு சின்ன ஹாலில் மேஜர் அவற்றை நாற்பது பேருக்கு விளக்கிப் பேசுவார். வெள்ளைக்காரர்கள் கப்பலேறப் போக, நாற்பது பேர் இருபத்தைந்து ஆனார்கள். மேஜர் நாற்காலியைக் குறைக்கச் சொல்லவில்லை.

ஒரு வகைப் பாட்டை மட்டும் அக்கா பாடமாட்டேன் என்றாள். செத்தவர்களுக்காகப் பெண்கள் பாடும் புலம்பல். சாவு இல்லாத வீட்டில் அதைப் பாடினால் சாவைக் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி என்றாள். எனக்கு அது புதிதாக இல்லை. எங்கள் தெருவிலும் நல்ல நாளில் யாரும் ஒப்பாரி வைக்கமாட்டார்கள். மேஜர் அட்டையில் 'மறுத்தார்' என்று எழுதி, மாதத்துக்கு ஒருமுறை மரியாதையாகக் கேட்பார். அவளும் மரியாதையாக மறுப்பாள்.

அவளுக்கு அங்கே அம்மாவும், யோர்கோ, தானாசி என்று இரண்டு தம்பிகளும் இருந்தார்கள். இவள் இங்கே வந்த பிறகு அந்த மலைப்பக்கம் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஊர்களைக் காலி செய்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. அவள் போட்ட கடிதங்கள் மூன்றும் அடுத்தடுத்துத் திரும்பி வந்தன. சண்டை ஓய்ந்த பிறகும் மேஜர் தனக்குத் தெரிந்த ராணுவக்காரர்கள் மூலம் விசாரித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம், பொங்கல் கழிந்த வாரத்தில், ஆத்தென்ஸிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. அங்கே ஒரு பேராசிரியர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பதிவு செய்கிறவர். மேஜரோடு நீண்ட நாள் கடிதப் பழக்கம். எட்டுத் தகடு அனுப்பியிருந்தார். இவை கடையில் விற்கிற இசைத்தட்டு மாதிரி அல்ல. அலுமினியத் தகட்டின்மேல் மெத்தென்ற பூச்சு பூசி, அதிலேயே நேராகக் குரலை வெட்டியவை. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் பூச்சு கொஞ்சம் தேயும். குரலும் கூடவே தேயும். அதனால் இரும்பு ஊசி போடாமல் முள் ஊசியைத் தீட்டிப் போடுவோம். எத்தனை முறை ஓட்டினோம் என்று உறைமேல் பென்சிலால் கோடு போடுவோம். பன்னிரண்டு கோட்டுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது மேஜர் வைத்த விதி.

இன்னொரு விதி, வரிசை. பதிவேட்டில் எந்த வரிசையில் ஏறியதோ அந்த வரிசையில்தான் தகட்டைக் கேட்க வேண்டும். முந்தையதை எழுதி, சரிபார்த்து, அட்டை முடிக்காமல் அடுத்ததை உறையிலிருந்து எடுக்கக்கூடாது. ஆசைப்பட்டதை முதலில் கேட்டால் மற்றதை அரைக் காதோடு கேட்போம் என்பது அவர் வாதம். சரியான வாதம்தான். அப்போது நாங்கள் ஒரு தீவிலிருந்து வந்த முப்பது பாட்டில் பத்தாவதில் இருந்தோம்.

பெட்டியோடு வந்த பட்டியலை நான்தான் அட்டைகளில் தட்டச்சு செய்தேன். ஆறாம் எண்: புலம்பல், பாடியவர் வயதான விதவை, பெயர் சொல்லவில்லை. அடுத்து ஊர்ப் பெயர். அது வாசுகி அக்காவின் ஊர். அவள் பாடிய எண்பது அட்டைகளிலும் நான் தட்டிய அதே பெயர்.

எழுந்து போய் மேஜரிடம் காட்டினேன். அக்காவை உடனே கூப்பிட்டுக் கேட்கச் சொல்லலாமா என்றேன். அவர் அட்டையை நன்றாகப் படித்தார். முறை வரும்போது கேட்கலாம் என்றார். அதுவரை அவளிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் தகட்டில் இருப்பதைக் கேட்கமாட்டாள், தான் எதிர்பார்ப்பதைக் கேட்பாள் என்றார். அந்த ஊரில் முந்நூறு வீடு, எத்தனையோ விதவைகள் என்றும் சொன்னார். அவர் கல்மனசுக்காரர் இல்லை. அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் கெடுதல் வராது என்று நம்பியவர்.

நான் சரி என்றேன். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் ஆணை போடவில்லை. நான் சரி என்றேன்.

ஜனவரி போனது, பிப்ரவரி போனது. வெள்ளிக்கிழமை தோறும் அக்கா வந்து அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். கையை நீட்டினால் ஆறாம் எண் உறையைத் தொடலாம். நான் டீ கொடுப்பேன். வீட்டுக் கதை பேசுவோம். அந்தக் கோடையில் அவளுக்கு மூன்றாவது மாதம். முதல் குழந்தை. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்று எலுமிச்சம் ஊறுகாயைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவாள். ஒருமுறை, "இந்த மாதிரி நேரத்துல அம்மா பக்கத்துல இருந்தா பேஜார் இருக்காது" என்றாள். எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது. மேஜர் அடுத்த அறையில் இருந்தார். நான் தட்டச்சு இயந்திரத்துக்குத் தாள் மாற்றினேன்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆறாம் எண்ணின் முறை வந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. மேஜர் கை கழுவிக்கொண்டு வந்து பென்சிலை எடுத்துக்கொண்டார். வடக்கிலிருந்து வந்த பாட்டு, வார்த்தைகள் புரிகிறதா பாருங்கள் அம்மா என்று மட்டும் அக்காவிடம் சொன்னார். முள் ஊசியைத் தீட்டி வைத்தது நான்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு கரகரத்த குரல், மேலே எழும்பாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் ஆரம்பித்தது. "எங்க பக்கத்துப் பேச்சு" என்று அக்கா சிரித்தாள். நான்கைந்து வரி ஓடியிருக்கும். சிரிப்பு போய்விட்டது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா" என்றாள்.

என் கை ஊசிப்பக்கம் போனது. மேஜர் வேண்டாம் என்று தலையசைத்தார். தகடு மூன்றரை நிமிடம் ஓடியது. ஒரு இடத்தில் அக்காவின் உடம்பு பின்னால் சாய்ந்து நாற்காலியில் இடித்தது. ஊசி முடிவுக்கு வந்தும் தகடு சுற்றிக்கொண்டே இருந்தது, ஊசியைத் தூக்க மறந்துவிட்டேன்.

மேஜர் பென்சிலைக் கீழே வைத்தார். இன்று போதும், பிறகு பார்க்கலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. "எழுதிக்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். வரிவரியாகத் தமிழில் சொன்னாள். யோர்கோவை மலை தின்றது. தானாசியைப் பனி தின்றது. என் வாசிலிகியை உப்புத் தண்ணீருக்கு அப்பால் ஊர் தெரியாத மண் தின்றது. மூன்று தட்டு வைக்கிறேன், மூன்றையும் கழுவாமலே எடுத்து வைக்கிறேன். என் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. மூன்றாவது பெயரில் அக்கா நிறுத்தினாள்.

"நானும் செத்துட்டேனாம். அவங்களுக்கு நான் இருக்கிறது தெரியல."

பிறகு, இது எப்போது வந்தது என்று கேட்டாள்.

போன வாரம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது, வாய் தானாகச் சொல்லியது. மேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பொய்க்குள் ஒதுங்கியிருப்பார்கள். அவர், "இல்லம்மா. ஜனவரி மாசம். ஐந்து மாசம் ஆச்சு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஊர்ப் பேரு தெரியும்க்கா."

அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மழையிலேயே போனாள். குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே மேஜர் தபால் ஆபீசுக்குத் தானே போய் ஆத்தென்ஸுக்குத் தந்தி கொடுத்தார். கையோடு விவரமாகக் கடிதமும் போட்டார். பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். கூடவே முனுசாமி அண்ணன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பீடி பிடிக்காமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பார். அக்கா உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவாள். என்னோடு பேசமாட்டாள். நான் ஊசியைத் தீட்டுவேன். தகடு ஓடும். முடிந்ததும் இன்னொருமுறை என்று விரலைக் காட்டுவாள். மூன்றாவது வெள்ளிக்கிழமையே பன்னிரண்டு கோடு நிறைந்துவிட்டது. நான் மேஜரைப் பார்த்தேன். அவர் உறையை வாங்கி, பென்சிலைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த உறையில் கோடு போடவில்லை.

வாரத்துக்கு வாரம் இரைச்சல் கூடிற்று. முதலில் மூச்சு வாங்கும் சத்தம் போனது. பிறகு வார்த்தைகளின் ஓரம் போனது. அக்கா தலையைச் சாய்த்து, கிராமபோனுக்கு இன்னும் கிட்டத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். இப்படி ஓட்டினால் அம்மாவின் குரலே இல்லாமல் போய்விடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

ஆகஸ்டில் பேராசிரியரின் கடிதம் வந்தது. தன் மாணவர் ஒருவரை அந்த ஊருக்கே அனுப்பி விசாரித்திருந்தார். மேஜர் அக்காவையும் முனுசாமி அண்ணனையும் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டு, கடிதத்தை முழுவதும் படித்தார். அக்காவுக்காகத் தனக்குத் தெரிந்த கிரேக்கத்தில் ஒருமுறை, அண்ணனுக்காகத் தமிழில் ஒருமுறை. யோர்கோ சண்டையில் இறந்தான். தானாசி ஊரைக் காலி செய்து நடந்தபோது பனியில் இறந்தான். தாய் தனியாக ஊருக்குத் திரும்பி வந்தாள். நான்கு வருடம் கடிதம் வராத மகளும் இறந்திருப்பாள் என்று முடிவு செய்து, செத்தவர்களுக்கு அந்த ஊரில் செய்வதுபோல் கோதுமை வேகவைத்துக் கோவிலில் கொடுத்து, இறந்தவர் பட்டியலில் அவள் பெயரையும் பாதிரியாரை எழுதச் சொன்னாள். மூன்று பேருக்குமாகச் சேர்த்துத்தான் அந்தப் பாட்டு. இந்த வருடம் தவக்காலத்தில், மார்ச் மாதக் கடைசியில், அவளும் இறந்துபோனாள்.

எந்த வரியையும் அவர் விடவில்லை. தேதியையும் விடவில்லை.

முனுசாமி அண்ணன் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பிறகு தலை நிமிர்ந்து, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோல் கேட்டார்.

"தந்தி குடுத்தா அங்க எத்தினி நாள்ல போவும் சார்?"

"மூணு நாள்" என்றார் மேஜர்.

அக்காவுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. அண்ணன் அவள் கையைப் பிடித்து எழுப்பினார். வாசல்வரை போனவள் திரும்பி, தகட்டை இனிமேல் ஓட்ட வேண்டாம் என்றாள். "சாக்கு, போதும். மிச்சம் இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் நான் வேலையை விடுகிறேன் என்று மேஜரிடம் சொன்னேன். உன் இஷ்டம் என்றார். ஆனால் போகுமுன் ஒன்றை எழுதிவிட்டுப் போ என்று பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். அதில் சிவப்பு மையில் எழுதச் சொன்னார்: பாட்டு வந்த அன்றே, பாடியவருக்கோ அவர் ஊருக்கோ வேண்டியவர் இங்கே இருந்தால், அவரிடம் சொல்ல வேண்டும். மற்ற எல்லா விதியும் இதற்குப் பிறகுதான். எழுதி முடித்தேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். நான் போகவில்லை. போயிருந்தால் என் மனசுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதனாலேயே போகவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

செப்டம்பர் கூட்டத்துக்குப் புலம்பல் பாட்டுகள் என்று முன்பே அறிவித்திருந்தோம். மேஜர் அதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் அல்சூருக்குப் போய் அக்காவைக் கேட்டார். போடுங்கள், மூன்று பெயரையும் படியுங்கள், நானும் வருகிறேன் என்றாளாம்.

அன்று ஹாலில் இருபது பேர் இருந்திருப்பார்கள். அக்கா கடைசி வரிசையில், மடியில் துணி போட்டு மூடிய ஒரு பித்தளை அடுக்கோடு உட்கார்ந்திருந்தாள். மேஜர் தகட்டை ஓட்டுமுன் நடந்ததைச் சொன்னார். இந்தப் பாட்டு எங்கள் அலமாரியில் ஐந்து மாதம் இருந்தது, என் ஏற்பாட்டினால் இருந்தது, அதற்குள் பாடியவர் இறந்துவிட்டார், அவர் இறந்ததாக நினைத்துப் பாடிய மகள் இதே ஊரில் இருக்கிறார் என்றார். யார் என்று சொல்லவில்லை. நான் மொழிபெயர்ப்பைப் படித்தேன். மூன்றாவது பெயரைப் படிக்கும்போது கடைசி வரிசையைப் பார்க்காமல் படித்தேன். பிறகு தகடு. முன்வரிசைக்கு ஏதோ கேட்டிருக்கும். பின்னால் மழை பெய்வதுபோன்ற இரைச்சல்தான்.

முடிந்ததும் கேள்வி நேரம். கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து, இந்தச் சுர அமைப்பு நம்முடைய எந்த ராகத்துக்குக் கிட்டத்தில் வரும் என்று கேட்டார். மேஜர் தகட்டை எடுத்து உறையில் போட ஆரம்பித்தார். கடைசியில் நான் ஏதோ சொல்லி உட்காரவைத்தேன்.

ஜனங்கள் வெளியே போகும் வாசலில் அக்கா அடுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வேகவைத்த கோதுமை, சர்க்கரை, உலர்ந்த திராட்சை, மாதுளை முத்து, பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டி வைத்தாள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் சுண்டல் என்று நினைத்து எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது, கோதுமையிலும் செய்யலாமா என்று ஒரு அம்மாள் கேட்டார். செய்யலாம் என்றாள் அக்கா. ராத்திரியே ஊறவைத்துவிட வேண்டும் என்று செய்முறையும் சொன்னாள். மேஜர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினார். கடைசியில் நான்.

"சாப்டு. எனக்கு அவங்க வேகவெச்சாங்க. அவங்களுக்கு நான் வேகவெச்சேன்."

அன்றோடு அவள் எங்களிடம் வருவது நின்றது. குழந்தை பிறந்த செய்தி முனுசாமி அண்ணன் மூலம் வந்தது. பெண். மேஜர் ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தனுப்பினார். அண்ணன் வாங்கிக்கொண்டு போனார். சில வருடம் கழித்து எங்களுக்கு டேப் மெஷின் வந்தபோது, முதல் வேலையாக ஆறாம் எண்ணைப் பிரதி எடுக்கப் பார்த்தேன். பூச்சு உரிந்துகொண்டு வந்தது. ஆத்தென்ஸில் இருந்த இன்னொரு நகல் உடைந்துவிட்டதாகப் பேராசிரியர் எழுதினார். அட்டையில் என்ன எழுத என்று மேஜரைக் கேட்டேன். உனக்கு என்ன கேட்டதோ அதை எழுது என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினேன்.

அறுபதுகளின் நடுவில் மேஜர் காலமானார். உறவினர்கள் குடகிலிருந்து வந்து பங்களாவைக் காலி செய்தார்கள். தகடுகளையும் அட்டைகளையும் ஒரு கல்லூரி எடுத்துக்கொண்டது. நான் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கப் போய்விட்டேன்.

அந்த வருடம்தான் ஒருநாள் காலையில் அல்சூர் மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். தலையில் நரை. கையில் காய்கறிப் பை. பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில், அவளைவிட உயரமாக ஒரு பெண். எனக்கு ஒதுங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். மேஜர் போனது தெரியும் என்றாள். அண்ணன் சௌக்கியம் என்றாள்.

"யாரும்மா இவங்க?" என்று அந்தப் பெண் கேட்டது.

அக்கா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க ஆயா பாடினதைக் கேட்டவங்க."

"நம்ம ஆயாவா? அது எங்க பாடும்?"

"அது இல்ல. என் அம்மா."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது. அவளுக்கு அந்தப் பாட்டியைப் பற்றி எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எப்படிப் பாடுவார்கள் என்று கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரகரத்த குரல் என்றேன். மேலே போகவே போகாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் ஆரம்பிக்கும் என்றேன். ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு வாங்குவதற்கு முன்னால் குரல் ஒரு படி கீழே இறங்கும். பெயர் வருகிற இடத்தில் மட்டும் இறங்காது, அப்படியே நிற்கும்.

அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் ஏறப் போனது. அக்கா அதன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"இன்னும் சொல்லு" என்றாள் என்னிடம்.